மண்ணுள் வாழும் மருத்துவர்

பயிரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கதிரைப் பற்றியே பேசுவர். கதிர் கண்ணுக்குத் தெரிவது. பொன்னிறங் கொண்டு தலைசாய்த்து நிற்பது. கவிஞர் அதனைப் பாடுவர். வணிகர் அதற்கு விலை பேசுவர். அக்கதிரைத் தாங்கி மண்ணுள் மறைந்து கிடக்கும் வேரை நினைப்போர் மிகச் சிலரே. வேர் கெட்ட பின்னரே அதன் அருமை விளங்கும். அப்போதோ காலங் கடந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அவ்வேரையும், அதனைச் சூழ்ந்து அதனினும் நுண்ணியவாய் வாழும் உயிர்களையும் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். தமிழ் பயிலும் மாணாக்கர் ஒருவர் பயிர்நோய் நூலிற் கைவைப்பது தகுமோ என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைக்கலாம். உழவைப் போற்றாத தமிழிலக்கியம் இல்லை. அங்ஙனம் போற்றப்படும் உழவனுக்கு நேரும் இன்னலையும் அதற்குரிய தீர்வையும் அறிய முயல்வது இலக்கியம் பயில்வோர்க்கும் உரிய கடமையே என்பது என் கருத்து.

'கிருமி' என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நாம் அஞ்சுகின்றோம். பாக்டீரியாக்கள் யாவும் பகை என்று இளமையிலேயே நம் உள்ளத்திற் பதிந்துவிட்டது. ஆயின் பால் தயிராவதும், குப்பை எருவாவதும், அவரை, உளுந்து முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் காற்றிலுள்ள நைட்டிரசன் உரமாவதும் பாக்டீரியாக்களின் தொழிலாலேயே நிகழ்கின்றன. பகைவர் சிலர் செய்யும் தீமை பறைசாற்றப்படுகின்றது. நண்பர் பலர் செய்யும் நன்மை நாவில் வாராது மறைகின்றது. மாந்தர் உலகிலும் இதுவே வழக்கமன்றோ?

கோதுமையின் வேரை அழிக்கும் கொடுநோய் ஒன்றனை, அவ்வேரைச் சூழ்ந்து வாழும் பாக்டீரியாக்களே அடக்கிய வரலாறு விஞ்ஞானிகளால் நன்கு ஆராயப்பட்டுள்ளது. அவ்வரலாற்றினின்று யான் கொள்ளும் முடிபுகள் மூன்று. நிலத்தில் முன்னரே வாழும் நண்பரை அறிந்து பேணுதலே முதற் கடமை. கடையிற் பொட்டலமாக வாங்கி இடுவது அதற்கு அடுத்த நிலையினது. இவை பயன்தரும் வரையில் உழவன் படும் இழப்பினை அவன் தோள்மேல் மட்டும் சுமத்துதல் நீதியன்று. இம்மூன்றனையும் ஈண்டு முறையே விளக்குவேன்.

முதற்கண் நோயின் தன்மையைக் காண்போம். தென் ஆஸ்திரேலியாவிற் குடியேறிய உழவர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், தம் கோதுமைப் பயிர் திட்டுத்திட்டாக மடிவதைக் கண்டு அதற்கு 'டேக்-ஆல்' என்று பெயரிட்டனர். 'அனைத்தையும் கொண்டுபோவது' என்பது அப்பெயரின் பொருள். நாம் அதனை 'முழுக்கொள்ளை நோய்' என்று வழங்கலாம். கேயுமனோமைசிஸ் என்னும் பூஞ்சையே இந்நோய்க்குக் காரணம். அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சும் வேரிலும் அடிக்கட்டையிலும் அது தங்கியிருக்கும். புதுப்பயிரின் வேர் அருகில் வந்தவுடன், கருநிற இழைகளாய் அதன்மேல் ஊர்ந்து, உள்ளே புகுந்து, நீரேறும் குழாய்களை அடைத்துவிடும். வேர் கருகும், தூரின் அடியும் கறுக்கும். பயிர் பருவத்திற்கு முன்னரே வெளுத்துவிடும். கதிர் வராமற் போவதில்லை, வரும், ஆனால் அது மணியற்ற வெண்கதிராய், பதராய் நிற்கும். ஆண்டு முழுவதும் உழைத்து, கதிர் எழுந்ததையும் கண்டு மகிழ்ந்த உழவன், அதனைக் கையிற் பற்றி உதிர்த்துப் பார்க்கும்போது ஒன்றுமில்லாமை காண்பது எத்துணைக் கொடுமை! இந்நோயை நன்கு எதிர்த்து நிற்கவல்ல கோதுமை வகையும் உழவர் கையில் இல்லை.

இதற்குப் பண்டுதொட்டு வழங்கும் மருந்து பயிர்மாற்றமே. கோதுமைக்குப்பின் ஓராண்டு பயறோ, கடுகினமோ, கிழங்கோ இட்டால், பூஞ்சைக்கு இரை கிடைக்காது. பழைய வேர் மட்கும்போது பூஞ்சையும் உடன் மடியும். நிலத்திற்கு ஓய்வு வேண்டும் என்னும் எண்ணம் மிகத் தொன்மையானது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாது விடவேண்டும் என்னும் கட்டளை லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர்க்கு அளிக்கப்பட்டிருப்பதை நம்மிற் பலர் அறிவோம். அக்கட்டளையின் ஆன்மிகப் பொருள் வேறாயினும், மண்ணும் மனிதனைப்போல் இளைப்பாற வேண்டுவது என்னும் உண்மை அதனுள் விளங்குகின்றது.

ஆயின் ஓய்வளிக்கவும், பயிரை மாற்றவும் எல்லா உழவர்க்கும் இயலுமோ? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கிழக்குப் பகுதியை நோக்குவோம். ஆங்கே பலூஸ் என்னும் குன்று நாடும், அதனையடுத்து மழை குறைந்த பரந்த வெளிகளும் உள்ளன. கோதுமை அங்கே செழித்து விளைகின்றது. அதற்கு ஈடாக விலைபோகும் பிறபயிர் அங்கே அரிது. ஆதலின் கோதுமைக்குப்பின் கோதுமையே விதைக்க உழவர் விழைகின்றனர். இன்னுமோர் இடர்ப்பாடும் உண்டு. அக்குன்றுகளின் மண், முற்காலத்திற் காற்றுக் கொணர்ந்து குவித்த நுண்மண். பலமுறை உழுதால் மழைநீரில் எளிதிற் கரைந்து ஓடிவிடும். மண்ணைக் காக்க வேண்டின் உழாமலே, அடிக்கட்டையை அப்படியே விட்டு, நேரே விதைத்தல் நலம். ஆனால் அவ்வடிக்கட்டையும் பழைய வேருமே நோய்ப்பூஞ்சையின் உறைவிடம்! உழுதால் மண் போகின்றது. உழாவிட்டால் நோய் மிகுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட உழவன் யாது செய்வான்?

இந்நிலையிலேயே மண்ணின் வியத்தகு செயல் ஒன்று வெளிப்பட்டது. கோதுமையை இடைவிடாது ஒரே நிலத்தில் விதைத்துக்கொண்டே போனால், நோய் ஆண்டுதோறும் பெருகி நிலம் பாழாகும் என்றே எவரும் நினைப்பர். தொடக்கத்தில் அவ்வாறே நிகழ்கின்றது. இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் நோய் உச்சத்தை அடைகின்றது. அதன்பின், உழவன் மருந்தொன்றும் இடாமலே, நோய் தானாகத் தணியத் தொடங்குகின்றது. பெரும்பாலும் 4 முதல் 6 ஆண்டுகளுக்குள் இத்தணிவு தோன்றும். பூஞ்சை மண்ணில் இருக்கின்றது; கோதுமையும் இருக்கின்றது; கொடுமை மட்டும் குறைந்துவிடுகின்றது. விஞ்ஞானிகள் இதனை 'முழுக்கொள்ளைத் தணிவு' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர்.

இஃது ஓரிடத்து மட்டும் கண்ட புதுமையன்று. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிராட்பாக் என்னும் வயலில் 1843-ஆம் ஆண்டு முதல் கோதுமை விளைவிக்கப்படுகின்றது. அவ்வயலில் நெடுங்காலம் கோதுமையையே கண்ட பகுதிகளில் நோய் மென்மையாகவும், இடையிற் பிறபயிர் இட்டுப் பின்னர்ச் சில ஆண்டு தொடர்ந்து கோதுமை விதைத்த பகுதிகளில் அதனினும் கடுமையாகவும் தோன்றுவதை அறிஞர் கண்டனர். நெதர்லாந்தில், கடலை அணையிட்டு மீட்ட புதுநிலங்களில் இப்பூஞ்சை புகுந்து பெருகிப் பின்னர்த் தணிந்த வரலாற்றைக் கெர்லாக் என்பவர் 1968-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். நேற்றுவரை கடலாயிருந்த மண்ணும், நூறாண்டுக்கு மேல் கோதுமை கண்ட மண்ணும் ஒரே செய்தியைக் கூறின.

தணிவிற்குக் காரணம் யாது? வாஷிங்டன் மாநிலத்துப் புல்மன் நகரில், அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சியாளராயிருந்த ஆர். ஜேம்ஸ் குக் என்பாரும் அவர்தம் துணைவரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டனர். நோய் தணிந்த நிலத்து மண்ணை எடுத்து, ஈரத்துடன் 60 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தனர். அதன்பின் பூஞ்சையை இட்டுக் கோதுமை விதைத்தபோது நோய் முழுக் கொடுமையுடன் தோன்றிற்று. நச்சுப்புகை ஊட்டிய மண்ணிலும் அவ்வாறே ஆயிற்று. காக்கும் ஆற்றல் மண்ணின் கல்லிலோ உப்பிலோ இருந்திருப்பின் அவ்வளவு சிறு வெப்பத்தால் அஃது அழிந்திராது. உயிருள்ளது ஏதோ ஒன்றே காவல் செய்தது என்பது இதனால் விளங்கிற்று. மற்றொரு சோதனையும் செய்தனர். நோயைத் தடுக்கமாட்டாத மண்ணில், தடுக்கவல்ல மண்ணை நூற்றுக்கு ஒன்று முதல் பத்துப் பங்குவரை கலந்தனர். அச்சிறு பங்கே மண் முழுவதற்கும் காக்கும் ஆற்றலை ஊட்டிற்று. மாவிற் கலந்த புளிப்பினைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமை ஈண்டு நம் நினைவிற்கு வருகின்றதன்றோ? அவ்வுவமையை நாடோறும் கண்ட இல்லத்தரசியர் அதன் பொருளை எளிதில் உணர்ந்திருப்பர். உழவரும் அதனைத் தம் வயலிலே காணலாம்.

காவலர் யாவர் என்று கண்டறிவது அடுத்த பணி. குக் என்பாரும் ஆஸ்திரேலிய அறிஞர் ரோவிரா என்பாரும் 1976-ஆம் ஆண்டில் இத்தடுப்பாற்றலில் பாக்டீரியாக்களுக்குரிய பங்கினை எடுத்துரைத்தனர். டேவிட் வெல்லர் என்பாரும் குக் என்பாரும் 1983-ஆம் ஆண்டில், சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவைக் கோதுமை விதையின்மேற் பூசி விதைத்தால் நோய் குறைவதைக் காட்டினர். அவற்றுள் ஒன்று 2-79 என்னும் எண்ணால் அறியப்படுவது. அது ஃபினசீன் வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள் ஒன்றனை உண்டாக்குகின்றது. அப்பொருளே பூஞ்சையைத் தடுக்கின்றதா, அன்றி வேறு காரணம் உண்டா என்பதை லிண்டா தாமஷோ என்னும் அம்மையாரும் வெல்லரும் 1988-ஆம் ஆண்டில் மிக அழகிய முறையில் மெய்ப்பித்தனர். அப்பொருளை உண்டாக்கும் மரபுக்கூற்றினைச் சிதைத்துவிட்டால் பாக்டீரியா வேரிலே வாழ்ந்தும் முன்போற் காக்கவில்லை. அக்கூற்றினை மீண்டும் அளித்தவுடன் காக்கும் ஆற்றலும் மீண்டது. படைக்கலம் பறிக்கப்பட்ட வீரன் களத்தில் நின்றும் பயனிலன். படைக்கலம் மீளப் பெற்றால் மீண்டும் வீரனே. இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

பின்னர் நடந்த ஆராய்ச்சியில், நோய் தானே தணிந்த நிலங்களில் பெருந்தொகையாய் வாழ்வன டைஅசிட்டைல்ஃபுளோரோகுளூசினால் என்னும் நெடும்பெயருடைய பொருளை உண்டாக்கும் சூடோமோனாஸ் வகைகளே என்று தெரியவந்தது. பெயர் நீண்டதாயினும் தொழில் எளிது: அது பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுப்பது. ஒரு கிராம் வேரில் இவை ஏறத்தாழ ஓரிலட்சம் என்னும் தொகையை எட்டினால் முழுக்கொள்ளை நோய் அடங்குகின்றது என்று ராய்மேக்கர்ஸ் என்பாரும் வெல்லரும் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே நண்பர் இருந்தால் மட்டும் போதாது. போதிய தொகையில் இருத்தல் வேண்டும்.

அத்தொகை எங்ஙனம் பெருகுகின்றது? கோதுமை வேர் தன்னைச் சூழ்ந்த மண்ணில் இனிய சாற்றினைக் கசியவிடுகின்றது. அச்சாற்றை உண்டு இப்பாக்டீரியாக்கள் வளர்கின்றன. பூஞ்சை வேரைப் புண்ணாக்கும்போது அப்புண்ணின் வழியே சாறு இன்னும் மிகுதியாக ஒழுகும். பாக்டீரியாக்களும் ஆங்கே மிகுதியாகத் திரளும். ஆண்டுதோறும் கோதுமை வந்துகொண்டிருந்தால் அவற்றின் கூட்டமும் ஆண்டுதோறும் பெருகும். நோய் தன் பகைவனைத் தானே உணவூட்டி வளர்த்துவிடுகின்றது. இடையிலே வேறு பயிரை இட்டால் அக்கூட்டம் குறைந்து காவலும் தளரும். மீண்டும் தொடர்ந்து கோதுமை இட்டால் அது திரும்பப் பெறப்படும். பயிர்மாற்றமும் ஒரு மருந்து. பயிரை மாற்றாமையும் ஒரு மருந்து. இரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை. நிலத்தின் இயல்பை அறியாமல் இவற்றுள் ஒன்றனை மட்டும் எங்கும் புகழ்ந்துரைப்பது பேதைமை.

இனி என் கருத்துக்கு வருகின்றேன். இவ்வளவும் அறிந்த பின்னர், "பாக்டீரியாவைப் பெருந்தொகையாய் வளர்த்துப் பொட்டலத்தில் அடைத்து விற்றால் போதுமே, எல்லா உழவரும் வாங்கி விதையிற் கலந்துகொள்வர், நோய் ஒழியும்" என்று சொல்வார் உளர். எளிய வழியே, ஆனால் அனுபவம் வேறு கூறுகின்றது. ஒரு வயலிலே நன்கு காத்த பாக்டீரியா மற்றொரு வயலிற் சோர்ந்தது. ஓராண்டு வென்றது மறு ஆண்டில் தோற்றது. மேலே குறித்த 2-79 என்பதன் ஆற்றல் மண்ணின் புளிப்புக் காரத் தன்மை, துத்தநாகம், மணலின் அளவு முதலியவற்றிற்கேற்ப மாறுவதை ஆராய்ச்சியாளரே கண்டுள்ளனர். இதில் வியப்பென்ன? ஆயிரக்கணக்கான ஆண்டு அம்மண்ணிலேயே பழகிய உயிர்கள் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும் ஊரிலே, புதிதாய்க் குடியேறிய ஒன்று நிலைத்து வாழ்வது எளிதோ? நஞ்சு என்பது உயிரற்ற பொருள். இட்ட இடத்தில் தன் வேலையைச் செய்யும். பாக்டீரியாவோ உயிருள்ளது, அதற்கு உணவு வேண்டும், ஈரம் வேண்டும், ஏற்ற வெப்பம் வேண்டும். உயிருள்ள நண்பனை உயிரற்ற பண்டம்போற் கருதி விற்பதும் வாங்குவதும் ஏமாற்றத்திலேயே முடியும்.

இந்த எச்சரிக்கை நம் நாட்டிற்கும் பொருந்தும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சூடோமோனாசில் பி.எஃப்.1 என்னும் வகையினை ஆராய்ந்து, டால்க் பொடியிற் கலந்து வழங்க வழிசெய்தனர். நெல் விதை ஒரு கிலோவிற்கு 10 கிராம் வீதம் கலந்து விதைநேர்த்தி செய்யுமாறு உழவர்க்கு அறிவுரை கூறப்படுகின்றது. நெல்லின் குலைநோய், இலையுறைக் கருகல் போன்றவற்றிற்கு எதிராக அது பயன்படுகின்றது. இது போற்றத்தக்க பணியே. ஆனால் அப்பொடி வெயிலிலே கிடந்தால் அதனுள் உள்ள உயிர் மடியும். காலக்கெடு கடந்தால் எஞ்சுவது வெறும் பொடியே. பொட்டலம் அப்போதும் அதே நிறத்துடன், அதே எடையுடன் இருக்கும். உயிருள்ளதோ உயிரற்றதோ என்று உழவன் கண்ணாற் கண்டறிதல் இயலாது. ஆதலின் விற்போர் நேர்மையும், அதிகாரிகளின் சோதனையும் இதிற் பன்மடங்கு வேண்டப்படும். உயிரற்ற பொடியை உயிருள்ளதென விற்பவன் காசை மட்டும் கவரவில்லை. நல்லதொரு விஞ்ஞானத்தின்மேல் உழவன் வைத்த நம்பிக்கையையும் கவர்ந்துவிடுகின்றான். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை உண்மையானதையும் தொடமாட்டான்.

"அங்ஙனமாயின் பொட்டலமும் வேண்டா, நஞ்சும் வேண்டா, மண் தானே தன்னைத் திருத்திக்கொள்ளும், உழவன் பொறுமையுடன் காத்திருக்கட்டும்" என்று மற்றொரு சாரார் கூறுவர். இயற்கையின்மேல் அன்பு கொண்டோர் கூறும் இக்கூற்று கேட்பதற்கு இனிது. ஆனால் காத்திருக்க வேண்டிய ஆண்டுகள் எத்தனை? நான்கு, ஐந்து, ஆறு! அவற்றுள் நோய் உச்சத்தில் நிற்கும் ஆண்டுகளில் வெண்கதிரை அறுத்துக் களத்திற்குக் கொணரும் உழவனுக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. அவன் கடனுக்கு வட்டி கட்டுவது யார்? பெருநிலக்கிழார் தாங்குவர். சிறுநிலத்தார் தாங்குவரோ? மண் நலம்பெறும் ஐந்தாம் ஆண்டில் அந்நிலம் வேறொருவர் பெயரில் இருக்குமாயின், அந்நலத்தால் முதல்வனுக்கு ஆவதென்ன? இயற்கை தன் காலத்தில் தன் வேலையைச் செய்யும். அது மனிதனின் தவணையை அறியாது. இதனை மறந்து இயற்கையைப் புகழ்வது, பிறன் வயிற்றுப் பசியிலே நாம் தத்துவம் பேசுவதாகும்.

மூன்றாவது சாரார் நஞ்சினையே நம்புவர். பூஞ்சையைக் கொல்லும் மருந்துகளை விதையிற் பூசுவது மேனாடுகளில் வழக்கத்தில் உண்டு. அதனை முற்றும் வெறுத்தொதுக்கல் வேண்டும் என்று யான் கூறேன். நோயுற்றவன் கசப்பு மருந்தையும் உண்ணத்தான் வேண்டும். ஆனால் மண்ணிலே புகையூட்டி எல்லாவுயிரையும் ஒருங்கே அழிப்பது, திருடனைப் பிடிக்க ஊரையே கொளுத்துவதை ஒக்கும். காவலரும் இறந்தபின் பூஞ்சை மீண்டும் நுழையுமாயின் அதனைத் தடுப்பார் ஒருவரும் இலர். புகையூட்டிய மண்ணில் நோய் கொடிதாய்த் தோன்றியதென மேலே கண்ட சோதனையே இதற்குச் சான்று.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவது, ஒவ்வொரு நிலப்பகுதியிலும் முன்னரே வாழும் நல்ல நுண்ணுயிர்கள் யாவை, எத்தொகையின, எப்பயிரால் பெருகுவன என்பதனை அறிதல் வேண்டும். மண்ணை ஆராய்வது என்றால் தழை, மணி, சாம்பல் சத்துகளை அளப்பதுடன் நிற்றல் போதாது. மண்ணின் உயிரையும் அளத்தல் வேண்டும். இத்தகைய அறிவு உடனே விலைபோகும் சரக்கன்று. ஆதலின் வணிகர் இதற்குப் பெருமுதல் இடார். அரசும் பல்கலைக்கழகங்களுமே இதனை மேற்கொள்ளல் வேண்டும். புல்மன் நகரில் நிகழ்ந்ததும் பொதுமக்கள் பணத்தால் நிகழ்ந்த ஆராய்ச்சியே. குக் என்பார்க்கு 2011-ஆம் ஆண்டில் வேளாண்மைக்குரிய வுல்ஃப் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. அப்பரிசு பல ஆண்டு பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்றே யான் கொள்வேன்.

இரண்டாவது, பொட்டலமாக வழங்கப்படும் பாக்டீரியா அவ்வந்நிலத்திற்கு ஏற்றதாய், அவ்வந்நிலத்தினின்றே தெரிந்தெடுக்கப்பட்டதாய் இருத்தல் நலம். அஃது எவ்வெவ்மண்ணிற் பயன்தந்தது, எவ்வெவ்மண்ணிற் பயன்தரவில்லை என்பதனை மறையாது எழுதி வழங்கல் வேண்டும். தோல்வியை மறைக்கும் மருத்துவனிடம் நோயாளி நெடுநாள் தங்கான்.

மூன்றாவது, நோய் மிகும் ஆண்டுகளில் உழவனைத் தாங்குதல் வேண்டும். மண் தணிவுபெறும் ஆண்டுகளைச் சுருக்குவது விஞ்ஞானியின் கடமை. அவ்வாண்டுகளில் உழவன் நிலமிழவாமற் காப்பது சமுதாயத்தின் கடமை. பயிர்க்காப்பீடு, கடன் தவணை நீட்டிப்பு ஆகியன வானத்து வெள்ளத்தையும் வறட்சியையும் மட்டும் கருதாது, மண்ணுள் மறைந்து வரும் நோயினையும் கருதல் வேண்டும். வேரின் நோய் வெளியே தெரியாதது. ஆதலாலேயே அதனால் வரும் வறுமையும் பிறர்க்குத் தெரியாமற் போகின்றது.

நண்பர்காள்! வேரினைச் சூழ்ந்த ஒரு சிட்டிகை மண்ணிலே நம் கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன. அவற்றுட் சில நமக்கு உணவளிக்கும் பயிரின் வேரை இரவும் பகலும் காத்து நிற்கின்றன. அவற்றிற்குக் கூலி, வேர் கசியும் சிறிது சாறே. நாம் உறங்கும் போதும் எழும் போதும், எவ்வாறென்று அறியாதபடி விதை முளைத்து வளர்வதைப் பற்றி மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. எவ்வாறென்று அறிய முயல்வது அவ்வியப்பினைக் குறைப்பதன்று, மிகுவிப்பதே ஆகும். அடுத்தமுறை வயற்பக்கம் செல்லுங்கால், கதிரைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், ஒரு பயிரைப் பறித்து அதன் வேரையும் பாருங்கள். வேர் வெண்மையாய் இருப்பின், அதனைக் காத்தோர் யாரென எண்ணுங்கள். வேர் கறுத்திருப்பின், அப்பயிரை விளைத்தவன் இல்லத்தில் இவ்வாண்டு அடுப்பு எரிய வழி யாதெனவும் எண்ணுங்கள்.